பொன்முடி ஏற்றமும் மோட்டாரின் மூச்சும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 22. அம்பாசிடர் கார்கள் இத்தகைய ஏற்றங்களில் மூச்சுத் திணறியது ஏன்?

1957-இல் இந்தியாவில் வெளிவந்த அந்தக் கார், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்தது. அதன் யந்திரத்தில் காற்று உட்செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கம். புகைக்குழாயின் உஷ்ணம் கார்புரேட்டரைத் தாக்கும். குளிர்நாட்டில் பெட்ரோல் ஆவியாக அது உதவிற்று, நமக்கோ சங்கடம். 30 டிகிரிக் காற்று 60 டிகிரியானால் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவிகிதம் குறையும். சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடியில் காற்று இயல்பாகவே மெலிந்தது.

ஓட்டுநர்கள் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றினர். நல்ல யுக்திதான், ஆயினும் அது பெட்ரோலைக் குளிர்வித்ததேயன்றிக் காற்றையன்று. பின்வந்த கார்களில் முகப்பிலிருந்தே குளிர்ந்த காற்றைக் கொணரும் குழாய் அமைந்தது.