உளத்தொழிற் பெயர்களும் பொது வரையறையும்

ஒரு கலை வளர்தற்கு முதற்கண் வேண்டற்பாலது, அதனைப் பயில்வோர் அனைவரும் ஒரு சொல்லால் ஒரு பொருளையே உணர்தலாம். கண்ணாற் காணும் பொருள்களைக் கூறுமிடத்து இஃது எளிது. மனத்தின் தொழில்களைக் கூறுமிடத்து அரிது. இவ்வருமையைத் தமிழ்ச் சான்றோர் பண்டே உணர்ந்திருந்தனர்.

தொல்காப்பியர் நகை முதல் உவகை ஈறாக எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களங்களிற் பிறக்குமென 32 ஆக வகுத்தார். அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறைவனாகிய அரசன் என்பன நிலைக்களங்களாம். பெயரிடுதலோடு அமையாது, உணர்ச்சி தோன்றும் இடத்தையும் சுட்டியமை இப்பகுப்பின் சிறப்பாகும்.

பின்வந்த சமய நூலோர் இத்துறையை மேலும் நுணுகி ஆராய்ந்தனர். சாங்கியர் புத்தி, அகங்காரம், மனம் என அந்தக்கரணம் மூன்றென்பர். சைவ சித்தாந்திகள் சித்தத்தையும் கூட்டி நான்கென்பர். மனம் பற்றும், சித்தம் சிந்திக்கும், அகங்காரம் முனைந்தெழும், புத்தி துணியும் என்பது அவர் கொள்கை. இரு சாராரும் வழங்குவது 'மனம்' என்னும் ஒரே சொல். ஆயினும் அதன் எல்லை வேறு. இவ்வேறுபாட்டை நோக்காது ஒரு சாரார் நூலை மற்றையோர் நூலோடு ஒப்பிடுவோர் மயங்குவர்.

இருபதாம் நூற்றாண்டில் மேனாட்டுக் கலைகள் தமிழிற் புகுந்தபோது பொதுச்சொல்லின் தேவை மீண்டும் எழுந்தது. 1936 இற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல் மாநாட்டுக்கு ஈழத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் தலைமை தாங்கினார். 1938 இல் கலைச்சொற்றொகுதி வெளிவந்தது. அடிகள் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராயினார். அத்தகைய தொகுதிகள் ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல்லைத் தந்தன. சொற்களுக்கிடையுள்ள தொடர்பைக் காட்டுதல் அவற்றின் நோக்கமன்று.

அத்தொடர்பின் இன்றியமையாமையை இன்றைய மூளையியல் உணர்த்துகின்றது. 'செயற்படு நினைவு' என்னுந் தொடரால் மனிதரை ஆராய்வோர், ஒன்றைச் சிறிதுபொழுது உள்ளத்தே தாங்கி ஆளுதலைக் குறிப்பர். எலிகளை ஆராய்ந்தோரோ ஒரு சோதனையளவில் மட்டும் பயன்படும் நினைவைக் குறித்தனர். இவ்விருவர் முடிவுகளையும் ஒன்றாகத் தொகுப்பின் மூளையின் பகுதிக்கு இல்லாத தொழிலை ஏற்றிக் கூற நேரும். இக்குறையை நீக்க முயன்று றசல் போல்ட்றக் முதலிய அறிஞர் 2011 இல் 'கொக்னிற்றிவ் அற்லஸ்' என்னும் திட்டத்தை விளக்கினர். ஒவ்வோர் உளத்தொழிலுக்கும் வரையறை யாது, அஃது எதன் வகை, எதன் உறுப்பு, எச்சோதனையால் அளக்கப்படும் என்பன அதிற் பதியப்படுகின்றன.

நிலைக்களங் கூறிய தொல்காப்பியர் நெறிக்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை புலப்படும்: இரண்டிலும் பெயர் தனித்து நில்லாது, தன் சார்போடு நிற்கின்றது. உளவியலைத் தமிழில் ஆக்குவோர் நேர்ச்சொல் தேடுதலோடு அமையாது, அச்சொல்லின் எல்லையையும் உறவையும் வரையறுத்தல் கடனாகும்.