எஞ்சோட்டுப் பெண்

கரிசல் ஊரான மல்லாங்கிணறில் பிறந்த தமிழச்சி தங்கபாண்டியனின் முதல் கவிதைத் தொகுப்பான ‘எஞ்சோட்டுப் பெண்’ 2004இல் வெளிவந்தது. ‘என் சோட்டு’ என்றால் என் வயதொத்த, எனக்கு இணையான என்று பொருள். அச்சுத் தமிழுக்காகத் திருத்தப்படாத அந்தத் தலைப்பே நூலின் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறது. கரிசல் பேச்சைக் கி. ராஜநாராயணன் கதையில் நிறுத்தி, 1982இல் அதற்கு அகராதியும் தந்திருந்தார். புதுக்கவிதையோ பெரிதும் பொதுத்தமிழிலேயே நடந்தது. அதனுள் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரப் பெண்ணின் பேச்சைக் கொண்டுவந்ததே இத்தொகுப்பின் முதன்மையான பங்களிப்பு.

சென்னையில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் கரிசலை எழுதுவது வெறும் ஊர் ஏக்கம்தானே என்ற கேள்வி எழலாம். அமெரிக்காவில் மாற்று நாட்டுப்புற இசைக்கும் இதையொத்த கேள்வி வந்தது. நியூயார்க்கில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்த கில்லியன் வெல்ச், ‘ரிவைவல்’ (1996) என்ற முதல் இசைத்தொகுப்பில் மலைநாட்டு ஏழைகளின் குரலில் பாடியபோது, அந்த வாழ்வு அவருடையதா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். அவர் பாட்டு அக்கேள்வியைத் தாண்டி நின்றது, பழைய வடிவத்தின் கட்டுப்பாட்டை உள்ளிருந்து கற்றிருந்ததால். தமிழச்சிக்கோ அந்த மொழி கற்றுப் பெற்றதல்ல, பிறந்த வீட்டுப் பேச்சு. ஏக்கம் இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. ஊரைவிட்டு வந்த தொலைவுதான் அன்றாடச் சொல்லின் எடையை அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். காட்டுத்தெய்வத்தின் பெயரும் கரிசல் மரத்தின் பெயரும் ‘வனப்பேச்சி’, ‘மஞ்சணத்தி’ எனப் பின்னாளில் தொகுப்புகளுக்குத் தலைப்பாயின.