மூணு சீட்டும் கூட்டுக் களவாணியும்

வித்தை என்றாலே விரல்கள் என்று நினைத்துப் பழகிவிட்டோம். சீட்டு வித்தை பற்றி எழுதப்பட்டவையும் பெரும்பாலும் விரல்களின் வரலாறாகவே இருக்கின்றன: யார் எந்தப் பிடியைக் கண்டுபிடித்தார், யாரிடமிருந்து யார் சுட்டார் என்று. நம் சந்தையிலும் திருவிழாவிலும் 'மூணு சீட்டு' என்பதை, இங்கிலாந்தில் 'ராணியைக் கண்டுபிடி' என்பதை, அமெரிக்காவில் 'த்ரீ கார்ட் மாண்ட்டி' என்பதை இப்படி எழுதிவிட முடியாது என்பது என் கட்சி. இதன் வரலாறு சுற்றி நிற்கும் கூட்டத்தின் வரலாறு.

விரல் வேலை எளிமையானது. மூன்று சீட்டு, ஒன்று ராணி. எடுக்கத் தோதாக நடுவில் லேசாக வளைத்திருப்பான். வலது கையில் இரண்டு சீட்டு, ஒன்றின் மேல் ஒன்று, அடியில் ராணி. வீசினால் அடிச்சீட்டுதான் முதலில் விழும் என்று கண் எதிர்பார்க்கும். அவன் மேல்சீட்டை நழுவவிடுவான். அவ்வளவுதான். 1902இல் சிகாகோவில் வெளிவந்த எர்ட்னேஸின் புத்தகம் இதை விரல் விரலாக எழுதிவைத்திருக்கிறது. (எர்ட்னேஸ் யார் என்பது இன்றுவரை நிச்சயமில்லை. பணம் தேவை என்று முன்னுரையில் ஒளிவில்லாமல் சொன்ன மனிதர் பெயரை மட்டும் ஒளித்துக்கொண்டார்.) 'மெக்சிகன்' வகை என்று இன்னொன்றும் அதில் உண்டு: கவிழ்ந்திருக்கும் சீட்டை வேறொரு சீட்டால் நெம்பித் திருப்பும்போதே இரண்டையும் மாற்றிவிடுவது. நீங்கள் சரியாகத் தொட்டாலும் தோற்பீர்கள்.

இவ்வளவு திறமை இல்லாமலும் ஆட்டம் நடக்கும். சுற்றி நிற்பவர்களில் பலர் அவனுடைய ஆட்கள். ஒருத்தன் ஜெயித்துக் காட்டுவான், இன்னொருத்தன் முட்டாள்தனமாகத் தோற்றுக் காட்டுவான். தப்பித்தவறி நீங்கள் ராணியின் மேல் பணம் வைத்துவிட்டால் வேறொருத்தன் அதைவிட அதிகம் வைப்பான். பெரிய தொகைக்குத்தான் ஆட்டம் என்று உங்கள் பணம் திரும்பிவிடும். அதுவும் நடக்காவிட்டால் 'போலீஸ்' என்று ஒரு குரல், ஆட்டம் கலைந்துவிடும். ஆங்கிலத்தில் இந்த ஆளுக்கு 'ஷில்' என்று பெயர். நம்மிடம் அதைவிட நல்ல சொல் இருக்கிறது: கூட்டுக் களவாணி.

ஹிரோனிமஸ் போஷ் பெயரில் அறியப்படும் ஓர் ஓவியம், சுமார் 1500ஐச் சேர்ந்தது, பாரிசுக்கு அருகே சாங்-ஜெர்மாங்-ஆங்-லேயில் இருக்கிறது. அதில் சீட்டு இல்லை, கிண்ணமும் உருண்டையும். மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவர் வாய்பிளந்து குனிந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் வானத்தைப் பார்த்தபடி ஒருவன் அவருடைய பணப்பையை எடுக்கிறான். வித்தைக்காரனை மட்டும் பார்க்கிறவர் ஓவியத்தில் பாதியைத் தவறவிடுகிறார். (1978இல் அந்த ஓவியமே களவுபோய் மறு ஆண்டு திரும்பிவந்தது!)

மிசிசிப்பி நதியின் நீராவிப் படகுகளில் இது பெருந்தொழிலானது. 1877இல் இறந்த 'கனடா பில்' ஜோன்ஸ் இதன் மன்னன். கூட்டாளி ஜார்ஜ் டெவல் 1887இல் வெளியிட்ட சுயசரிதையில் வரும் பில், பட்டிக்காட்டு அசடன் மாதிரி இருப்பவன். அதாவது ஆடுபவனே ஏமாளியாக வேஷம் கட்டினான். ஏமாறப்போகிறவனுக்குக் கெட்டிக்காரன் வேஷம் இலவசமாகக் கிடைத்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது 'மடங்கிய முனை' என்ற வகை. ஆட்டக்காரன் எங்கோ திரும்பும்போது பக்கத்தில் நிற்பவன் ராணியின் முனையை லேசாக மடக்கிவிட்டு உங்களைப் பார்த்துக் கண்ணடிப்பான். இப்போது ரகசியம் உங்கள் கையில். அடுத்த வீச்சில் ஆட்டக்காரனின் விரல் அந்த முனையை நிமிர்த்திவிட்டு வேறு சீட்டின் முனையை மடக்கியிருக்கும். இருப்பதையெல்லாம் வைப்பீர்கள். தோற்றபின் புகார் சொல்லவும் வாய் வராது. நீங்களும் ஏமாற்றத்தானே வந்தீர்கள்? 'பேராசைக்காரன்தான் ஏமாறுவான்' என்று ஊர் சொல்லும் நீதியும் ஆட்டக்காரனுக்கே சாதகம்.

நம் இடதுசாரி, பகுத்தறிவு மரபுகளில் 'அம்பலப்படுத்துதல்' என்பதற்குப் பெரிய மரியாதை உண்டு. திரையை விலக்கினால் ஜனங்கள் விழித்துக்கொள்வார்கள் என்பது அதன் நம்பிக்கை. மடங்கிய முனை அந்த நம்பிக்கையையே மூலதனமாக்குகிறது. இங்கே திரையை விலக்கிக் காட்டுபவனே கூட்டுக் களவாணி. எல்லாம் தெரிந்துவிட்டது என்கிற இடத்தில்தான் பணம் போகிறது. அம்பலப்படுத்துவதே வீண் என்று நான் வாதிடவில்லை. கண்ணடிப்பவன் யார் என்று கேட்கச் சொல்கிறேன்.

மேடை வித்தைக்காரர்கள் இதை எடுத்துக்கொண்டபோது கூட்டுக் களவாணியைக் கழற்றிவிட்டார்கள். கடையில் விற்கும் தந்திரச் சீட்டுகளை வைத்து வீட்டிலேயே செய்துகாட்டலாம். ரசிக்கலாம், தப்பில்லை. கனடாவின் குற்றவியல் சட்டமோ மூணு சீட்டைப் பெயர் சொல்லியே தடைசெய்கிறது: இது போன்ற எந்த ஆட்டமும், சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எத்தனை சீட்டானாலும் மூணு சீட்டுதானாம்! சட்டம் எழுதியவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கிறது.

சூசன்-லோரி பார்க்சின் 'டாப்டாக்/அண்டர்டாக்' நாடகம் 2001இல் நியூயார்க்கில் மேடையேறியது. 2002இல் நாடகத்துக்கான புலிட்சர் பெற்றபோது அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார் பார்க்ஸ். லிங்கன், பூத் என்று இரண்டு கறுப்புச் சகோதரர்கள். அப்பா விளையாட்டாக வைத்த பெயர்கள். அண்ணன் ஒருகாலத்தில் மூணு சீட்டில் கில்லாடி. கூட்டாளி சுடப்பட்டுச் செத்தபின் விட்டுவிட்டான். இப்போது முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு ஆப்ரகாம் லிங்கனாக உட்கார்ந்திருக்கிறான். காசு கொடுத்தவர்கள் பொம்மைத் துப்பாக்கியால் 'சுட்டு'விட்டுப் போவார்கள். கடைசிக் காட்சியில் கூட்டமில்லை, களவாணிகள் இல்லை, ஓர் அறையும் இரண்டு பேரும். நிஜப் பணம் இல்லாதவரை தம்பி சரியான சீட்டைத் தொடுகிறான். பிறகு அம்மா விட்டுப்போன ஐந்நூறு டாலரைப் பந்தயமாக வைக்கிறான். காலுறைக்குள் முடிந்த பணம். அந்த முடிச்சை அவன் ஒருநாளும் அவிழ்த்துப் பார்த்ததில்லை.