ஐயமும் பொய்ச்சான்றும்

நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் 'கென்னடி' என்னும் பெயர் தாங்கியவர்கள் பலரை நாம் அறிவோம். அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவர் மீது நம்மவர் கொண்டிருந்த பற்றுக்கு அப்பெயர்களே சாட்சி. அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. எனினும் அவரைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதைவிட அவரைக் கொன்றது யார் என்னும் வினாவே முந்தி நிற்கிறது.

1963 நவம்பர் 22 அன்று நண்பகல் 12.30 மணிக்கு, டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில், திறந்த காரில் மனைவியுடன் சென்றுகொண்டிருந்த ஜான் கென்னடி சுடப்பட்டார். மருத்துவமனைக்கு விரைந்து வந்த அருட்தந்தை ஆஸ்கார் ஹூபர் அவருக்கு நோயில்பூசுதல் வழங்கினார். பாடநூல் கிடங்கு ஒன்றின் ஆறாம் தளத்திலிருந்து சுட்டதாக, அங்குப் பணியாற்றிய 24 வயது லீ ஹார்வி ஆஸ்வால்டு அன்றே கைது செய்யப்பட்டான். இரண்டு நாள்களில், காவல்துறைத் தலைமையகத்தின் அடித்தளத்தில், நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கையில், ஜாக் ரூபி என்பவன் ஆஸ்வால்டைச் சுட்டுக் கொன்றான். நீதிமன்றத்தில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய வினாக்கள் யாவும் அவனோடு புதைந்தன.

தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தலைமையில் அமைந்த ஆணையம் 1964 செப்டம்பரில் 888 பக்க அறிக்கையை அளித்தது. ஆஸ்வால்டு தனியாகவே இச்செயலைச் செய்தான் என்பது அதன் முடிவு. மக்களுள் பலர் இதை ஏற்கவில்லை. கூபாவின் கை, சோவியத்தின் கை, சி.ஐ.ஏ.வின் கை, குற்றக் கும்பலின் கை எனக் கைகள் பெருகிக்கொண்டே போயின. இவ்வளவு பெரிய இழப்புக்கு இவ்வளவு சிறிய மனிதனா காரணம் என்று துயருற்ற மனம் கேட்டது. இழப்பின் அளவுக்கு ஈடான காரணத்தைத் தேடுவது மனித இயல்பு.

ஆயினும் பழி முழுவதையும் மக்கள் மீது சுமத்துதல் முறையன்று. கூபாவின் காஸ்ட்ரோவைக் கொல்லச் சி.ஐ.ஏ. திட்டமிட்டிருந்தது. அதன் முன்னாள் தலைவர் ஆலன் டல்லஸ் வாரன் ஆணையத்தில் உறுப்பினராக அமர்ந்திருந்தும், அத்திட்டங்கள் ஆணையத்துக்குத் தெரிவிக்கப்படவில்லை. கொலைக்குச் சில நாள்களுக்கு முன் ஆஸ்வால்டு எஃப்.பி.ஐ. அலுவலகத்தில் தந்துசென்ற ஒரு குறிப்பை, அவன் இறந்தபின் அத்துறையினரே அழித்துவிட்டனர். இவை 1975-இல் வெளிப்பட்டபோது, இதை மறைத்தவர்கள் எதைத்தான் மறைக்கமாட்டார்கள் என்று மக்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. தம் தவறுகளை மூடவே அதிகாரிகள் மறைத்திருக்கலாம். ஆனால் மறைக்கப்பட்ட ஒவ்வோர் உண்மையின் இடத்திலும் ஒரு வதந்தி முளைத்தது.

அமெரிக்கக் கீழவையின் குழு ஒன்று மீண்டும் ஆராய்ந்து, சதி நடந்திருக்கக்கூடும் என 1979-இல் கூறியது. காவல்துறை ஒலிப்பதிவு ஒன்றே அதன் பெரும் ஆதாரம். அவ்வொலிகள் கொலை நிகழ்ந்து ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குப் பின் பதிவானவை என்று தேசிய அறிவியல் கழகத்தின் வல்லுநர் குழு 1982-இல் காட்டியது. 1992-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி இலட்சக்கணக்கான பக்கங்கள் வெளிவந்தன. 2025-இலும் மேலும் பல வெளியாயின. அரசுத் துறைகளின் குறைகள் பல அவற்றில் வெளிச்சத்துக்கு வந்தன. இரண்டாவது கொலையாளி ஒருவன் இருந்தான் என்பதை மெய்ப்பிக்கும் சான்று மட்டும் வரவில்லை.

இவ்வையங்கள் வெறும் பேச்சாகவே நின்றுவிடவில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரின் அரசு வழக்கறிஞர் ஜிம் கேரிசன், கிளே ஷா என்னும் வணிகப் பிரமுகரைச் சதிகாரர் எனக் குற்றஞ்சாட்டி 1967-இல் கைது செய்தார். 1969-இல் வழக்கைக் கேட்ட நடுவர் குழு, ஒரு மணி நேரத்துக்குள் ஷாவைக் குற்றமற்றவர் என விடுவித்தது. அதன்பின்னும் தொடர்ந்த வழக்குகளில் செல்வத்தையும் மன அமைதியையும் இழந்து, 1974-இல் அவர் இறந்தார். 1991-இல் வெளிவந்த புகழ்மிக்க திரைப்படமோ கேரிசனையே நாயகனாக்கியது. இறந்துபோன ஷாவை மீண்டும் குற்றவாளியாகக் காட்டியது. நீதிமன்றம் விடுவித்த மனிதரைத் திரையரங்கம் விடுவிக்கவில்லை.

இவ்விடத்தில், கென்னடியே ஐயத்துக்கு இலக்கானவர் என்பதை நாம் மறத்தலாகாது. 1960 தேர்தலில், அவர் வென்றால் உரோமையிலிருந்து திருத்தந்தையே அமெரிக்காவை ஆள்வார் என்ற அச்சம் பரப்பப்பட்டது. 1928-இல் கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் போட்டியிட்டபோதும் இதே வதந்திதான். கத்தோலிக்கர் மறைவில் சதி செய்வோர் என்பது அந்நாட்டின் பழைய நம்பிக்கைகளுள் ஒன்று. 1960 செப்டம்பர் 12 அன்று கென்னடி, அதே டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், புரொட்டஸ்டண்ட் போதகர்கள் முன் நின்று அவர்களுடைய வினாக்களுக்கு வெளிப்படையாக விடையளித்தார். தம் மனச்சான்றின்படியே ஆட்சி செய்வதாக உறுதி கூறினார். அந்த வெளிப்படைத்தன்மையே ஐயத்துக்கு மருந்தாயிற்று. அவர் கொலையை ஆராய்ந்த காலத்தில் அரசுத் துறைகள் கைக்கொள்ளத் தவறியதும் அதுவே.

சான்றின்றி எழுந்த ஐயத்தின் காயத்தை அறிந்தவர்கள், அவ்வாயுதத்தைப் பிறர்மீது எறியலாமா? வினா எழுப்புதல் நம் உரிமை. மறைப்பவரிடம் உண்மையைக் கோருதல் நம் கடமையுங்கூட. ஆனால் வினா வேறு, தீர்ப்பு வேறு. 'இன்னாரே செய்திருப்பார்' என்று சான்றில்லாமல் ஒருவரின் பெயரைச் சொல்லும் கணத்தில் நாம் எல்லையைக் கடந்துவிடுகிறோம். எட்டாம் கட்டளை நீதிமன்றக் கூண்டில் நிற்பவருக்கு மட்டும் தரப்பட்டதன்று. தேநீர்க் கடையில், கோவில் முற்றத்தில், வீட்டுத் திண்ணையில் நாம் பேசும் பேச்சுக்கும் அது பொருந்தும். கென்னடியின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழ்ந்த நாம், அவர் சாவின் பெயரால் வேறொருவர்மீது பொய்ச்சான்று சொல்லாதிருப்போமாக.