மையம் போனது, மயிலாடி இருந்தது

வீடு போதாமல் போனால் நாஞ்சில் நாட்டுக் குடும்பத்துக்கு இரண்டு வழி உண்டு. இருக்கிற சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கலாம், அல்லது வேறு மனை பார்த்துப் போகலாம். 1818இல் மயிலாடியில் ஒரு நிறுவனமும் இதே கேள்வியின் முன் நின்றது. லண்டன் மிஷனரி சங்கத்தின் தென் திருவிதாங்கூர்ப் பணி அங்கேதான் வேர் பிடித்திருந்தது. கோயிலும் பள்ளியும் அங்கேதான் இருந்தன. அவற்றை அங்கேயே விரிவாக்காமல், ஏறத்தாழ ஏழு மைல் தள்ளியிருக்கும் நாகர்கோவிலுக்கு மையத்தைக் கொண்டுபோனார்கள். மயிலாடி சின்ன ஊர், பணி பெருகிவிட்டது, அதனால் போனார்கள் என்று இதற்கு எளிதாக ஒரு காரணம் சொல்லப்படுவதுண்டு. அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. விரிவாக்குவதா, குடிபெயர்வதா என்பதை அன்றைய திருவிதாங்கூரில் இடத்தின் அளவு தீர்மானிக்கவில்லை. எவருக்கு எதைக் கட்ட அனுமதி உண்டு, எவருக்கு எங்கே இடம் கிடைக்கும் என்பதுதான் தீர்மானித்தது. மயிலாடியின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

தொடக்கம் என்பது 1818 அல்ல. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சிதம்பர யாத்திரையின்போது தஞ்சாவூரில் மிஷனரி கோல்ஹாஃபின் போதனையைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். சாம்பவர் சமூகத்தவரான அவருடைய வீடே முதல் வழிபாட்டிடமானது. ஆட்கள் கூடக்கூட எதிர்ப்பும் கூடியது. அப்போது வேதமாணிக்கம் நினைத்துப் பார்த்ததும் குடிபெயர்வதைத்தான். தம்மோடு சேர்ந்தவர்களை அழைத்துக்கொண்டு தஞ்சைப் பக்கம் போய்விடலாம் என்ற எண்ணத்தோடு அவர் மீண்டும் தஞ்சைக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்தது குடியேற நிலம் அல்ல, மயிலாடிக்கு ஒரு மிஷனரி வருவார் என்ற உறுதி. அப்படி 1806இல் வந்தவர்தான் ஜெர்மானியரான வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே. அவர் வந்த பிறகும் ஒரு கோயில் எழும்ப மூன்று ஆண்டாயிற்று. கல்லுக்கு அங்கே குறைவில்லை. மயிலாடி கல் வேலைக்குப் பேர்போன ஊர். குறைவாக இருந்தது அரசின் இசைவு. பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மெக்காலேயின் துணையை நாட வேண்டியிருந்தது. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி 1809இன் தொடக்கத்தில் அடங்கிய பிறகே அந்த ஆண்டில் கோயில் கட்டப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதியார் தங்கள் வீட்டுக்கு ஓடு வேயவோ மாடி எடுக்கவோ கூடாது என்ற வழக்கம் நிலவிய நாடு அது. பனையோலைக் கூரைக்குக் கீழே வாழக் கட்டாயப்படுத்தப்பட்ட மக்கள் கூடித் தொழ நிலையான ஒரு கட்டடத்தை எழுப்பினார்கள் என்றால், அந்தக் கட்டடத்தின் எடை எத்தனை பெரியது என்பதை இன்று நாம் முயன்றுதான் உணர வேண்டியிருக்கிறது.

1816இல் ரிங்கல்தௌபே ஊரை விட்டுப் போனார். அடுத்த மிஷனரி வரும்வரை சபைகளைத் தாங்கி நின்றவர் வேதமாணிக்கம். பின்பு சார்லஸ் மீட் வந்து, மயிலாடியில் சில காலமே தங்கினார். ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் முயற்சியால், ராணி கௌரி பார்வதி பாய் நாகர்கோவிலில் ஒரு பங்களாவும், வயல் வாங்க 5,000 ரூபாயும் கொடுத்தார். மீட் நாகர்கோவில் நீதிமன்றத்தில் சிறிது காலம் நீதிபதியாகவும் அமர்த்தப்பட்டார். 1819 ஜனவரி 1 அன்று அங்கே புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்தடுத்து அச்சகம் வந்தது, பெண்களுக்கு உறைவிடப் பள்ளி வந்தது, மார்த்தா மால்ட் அம்மையாரின் லேஸ் பின்னல் தொழில் வந்தது. அடிமைப் பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசால் விடுதலை வாங்கினார்கள் என்பதை எண்ணும்போது, நாகர்கோவிலுக்குப் போனது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலிக்குப் போகும் பாதை அந்த ஊரைத் தொட்டுப் போயிற்று. கோட்டாறு சந்தை பக்கத்திலேயே இருந்தது. அச்செழுத்தும் காகிதமும் வெளியூரிலிருந்து வரவேண்டிய அச்சகத்துக்கு இவையெல்லாம் பெரிய வசதிகள்.

ஆனால் இதிலிருந்து மயிலாடி போதாத ஊர் என்ற முடிவுக்கு வர முடியாது. பத்தே ஆண்டில் அதே மீட் செய்த காரியம் அதற்குச் சாட்சி. 1828இல் பணியைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து, மேற்குப் பகுதிக்கு நெய்யூரை மையமாக்கினார்கள். நெய்யூர் நகரமில்லை; மயிலாடியைப் போலவே ஒரு கிராமம். அங்கே 1838இல் மருத்துவப் பணி தொடங்கி, காலப்போக்கில் தென் திருவிதாங்கூரின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்றாக வளர்ந்தது. கிராமத்தில் பெரிய நிறுவனம் வளராது என்றால் நெய்யூரும் வளர்ந்திருக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. 1828இல் அவர்கள் நாகர்கோவிலைக் காலி செய்துவிட்டு நெய்யூருக்குப் போகவில்லை. பழைய வீட்டை வைத்துக்கொண்டே சாய்ப்பு இறக்கினார்கள். 1818இல் செய்யாததை 1828இல் செய்தார்கள். இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். நெய்யூர் மேற்கிலிருந்த சபைகளுக்கு நடுவே இருந்தது, மயிலாடியோ திருநெல்வேலி எல்லையை ஒட்டிய கிழக்கோரம். மேற்கே பரவும் பணியை ஓரத்தில் இருந்துகொண்டு நடத்துவது கடினம். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மையம் பெயர்ந்ததற்கு நான் ஏற்கும் காரணங்கள் இரண்டு: ஊரின் இருப்பிடம், அரசு தந்த கட்டடமும் வயலும். ஊரின் சிறுமை அவற்றுள் ஒன்றல்ல. ரிங்கல்தௌபே முதலில் மயிலாடியில் தங்கியதே வேதமாணிக்கத்தின் ஊர் என்பதால்தான். அரசு இடம் கொடுக்காத காலத்தில் இடம் கொடுத்தது அந்த ஊரும் அந்த மக்களும். அரசு இடம் கொடுத்ததும் மையம் அங்கிருந்து போயிற்று.

மயிலாடி எதையும் இழக்கவில்லையே, சபை தொடர்ந்து நடந்ததே என்று கேட்கலாம். சபை நடந்தது உண்மை. ஆனால் கல்விக்கூடம் போயிற்று. ரிங்கல்தௌபே 1809இல் மயிலாடியில் தொடங்கிய செமினரிதான் நாகர்கோவிலுக்குப் போய், பின்னர் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. கல்லூரி தன் பிறப்பை இன்றும் 1809 என்றுதான் கணக்கிடுகிறது. அதாவது மயிலாடியின் ஆண்டைத்தான் தன் ஆண்டாகச் சொல்கிறது. ‘ஹோம் சர்ச்’ என்ற பெயரும் நாகர்கோவில் ஆலயத்துக்கே நிலைத்தது. ஓர் ஊரில் பள்ளிக்கூடமும் அச்சகமும் இருந்தால் அங்கே வளரும் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு வேறு. ஏழு மைல் என்பது மாட்டு வண்டி வைத்திருப்பவனுக்குச் சிறு தூரம். அடுத்தவன் வயலில் அன்றாடம் நின்றால்தான் கஞ்சி என்ற நிலையில் இருப்பவனுக்கு அது அப்படியல்ல. அதிலும் நிலத்தோடு கட்டப்பட்டு, நிலத்தோடு விற்கப்பட்ட அடிமைகளுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. அவர்கள் வீட்டை நீட்டவும் வழியில்லை, விட்டுப் போகவும் வழியில்லை. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல். மையம் நாகர்கோவிலுக்குப் போய் அப்போது முப்பத்தேழு ஆண்டு ஆகிவிட்டது.

அதனால்தான் 1818ஐப் பற்றிப் பேசும்போது மீட்டின் முடிவோடு வேதமாணிக்கத்தின் முடிவையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். ஒருவருக்கு அரசே பங்களா கொடுத்து வரவேற்றது. மற்றவர் அடி உதைக்கு அஞ்சிக் கிளம்ப நினைத்து, பிறகு திரும்பி வந்து சொந்த மண்ணிலேயே நின்றார். ரிங்கல்தௌபே போன பிறகும் மீட் வருவதற்கு முன்பும் மயிலாடியில் விளக்கு அணையாமல் இருந்தது அவரால். மயிலாடி ஆலயம் இன்று ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் இருவர் பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்கிறது.