பிளாஸ்டிக் பிராஸ் வாத்தியங்கள்

டிரம்பெட், டிராம்போன், கார்னெட், பியூகிள் போன்ற பித்தளை ஊதுகருவிகளின் நீளத்தையும் உள்விட்டத்தையும் மாற்றாமல், உடலை மட்டும் பிளாஸ்டிக்கில் வார்த்து எடுக்கும் கருவிகளுக்கு இந்தப் பெயர். இவற்றில் பெரும்பாலானவை ஊதக் கற்றுக்கொள்ளத் தொடங்கும் பிள்ளைகளுக்காகச் செய்யப்படுகின்றன. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் எனப் பல நிறங்களில் கிடைக்கும். 2010-11 வாக்கில் பிரிட்டனில் ஒரு பிளாஸ்டிக் டிராம்போன் கடைக்கு வந்த பிறகுதான் உலகம் இவற்றைக் கவனித்தது. ஆனால் வரலாறு அதற்கு எழுபது ஆண்டுகள் முன்பே, ஒரு போர்க்காலத் தட்டுப்பாட்டில் தொடங்குகிறது.

பிளாஸ்டிக்கில் செய்ததை எப்படி ‘பிராஸ்’ என்று சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. 1914இல் ஹார்ன்போஸ்டல், சாக்ஸ் என்ற இரு அறிஞர்கள் வெளியிட்ட வகைப்பாட்டில் உலோகத்துக்கு இடமே இல்லை. உதடு அதிர்ந்து, அந்த அதிர்வு குழாய்க்குள் இருக்கும் காற்றை ஒலிக்கவைத்தால் போதும், கருவி இந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிடும். அந்தக் கணக்கில் நம் சங்கும் கொம்பும் எக்காளமும் டிரம்பெட்டின் உறவுக்காரர்களே. பிரெஞ்சு தேவாலயங்களில் பாடகர்களுக்குத் துணையாக நூற்றாண்டுக்கணக்கில் ஒலித்த ‘செர்பன்ட்’ மரத்தால் செய்து தோல் போர்த்திய கருவி. பாம்புபோல் நெளிந்த அந்தக் கருவியையும் பிராஸ் குடும்பத்தில்தான் வைக்கிறார்கள்.

இந்தக் கருவிகளின் சுருதியைத் தீர்மானிப்பது குழாயின் நீளம். பிளாஸ்டிக்காக இருந்தாலும் பித்தளையாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஏறக்குறைய 1.4 மீட்டர் குழாயைச் சுருட்டினால் பி-ஃபிளாட் டிரம்பெட், அதைப்போல் இரு மடங்கு, அதாவது 2.7 மீட்டர் எடுத்தால் பி-ஃபிளாட் டெனர் டிராம்போன், இன்னும் இரு மடங்காக்கினால் பி-ஃபிளாட் டியூபா. ஆர்மோனியக் கணக்கில் பி-ஃபிளாட் என்பது ஆறரைக் கட்டை, ஈ-ஃபிளாட் இரண்டரைக் கட்டை, ஜி ஐந்து கட்டை. நம் ஊரில் பாடகர் தன் குரலுக்குக் கட்டையைத் தேர்ந்தெடுக்கிறார். பிராஸ் வாத்தியத்தில் கட்டையைக் கொல்லனே குழாயை வெட்டும்போது முடிவுசெய்துவிடுகிறான்.

பி-ஃபிளாட்டும் ஈ-ஃபிளாட்டும் இவ்வளவு பரவியதற்கு ராணுவ பேண்டுகள் ஒரு பெரிய காரணம். 1840-களில் பாரிஸில் கருவி வடிவமைப்பாளர் அடால்ஃப் சாக்ஸ் தன் ‘சாக்ஸ்ஹார்ன்’ என்ற பிராஸ் கருவிக் குடும்பத்தை அமைத்தபோது, சிறியதிலிருந்து பெரியதுவரை ஈ-ஃபிளாட், பி-ஃபிளாட் என்று மாற்றி மாற்றி வரிசைப்படுத்தினார். பிராஸ் கலைஞர்களான டிஸ்டின் குடும்பத்தார் அவற்றை வாசித்துக் காட்டி பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். 1853இல் மான்செஸ்டரின் பெல் வூ பூங்காவில் பிராஸ் பேண்டு போட்டிகள் தொடங்கின. அங்கே சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வளர்த்த மரபு இன்றுவரை இந்த இரண்டு சுருதிகளில்தான் நிற்கிறது.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் அமெரிக்காவில் பித்தளை முழுக்கத் தோட்டாவுக்கும் குண்டுகளுக்கும் போனது. 1942இல் வாத்தியத் தயாரிப்புக்கு அரசு கடும் கட்டுப்பாடு விதித்தது. ஆனால் முகாமில் எழுப்பவும் உண்ண அழைக்கவும் விளக்கணைக்கவும் ராணுவத்துக்கு பியூகிள் வேண்டியிருந்தது. அதை ‘டெனைட்’ என்ற செல்லுலோஸ் பிளாஸ்டிக்கில், ராணுவப் பச்சை நிறத்தில் வார்த்தார்கள். சுருதி மட்டும் பழைய பித்தளை பியூகிளின் ஜி-யாகவே இருந்தது. பியூகிளில் விரலால் அழுத்தும் வால்வு இல்லை, நீட்டி மடக்கும் ஸ்லைடும் இல்லை. ஒரே குழாயில் இயல்பாகப் பிறக்கும் நான்கைந்து சுரங்களே அதன் மொத்தச் சொத்து. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாததால்தான் அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கிலேயே அதைச் செய்ய முடிந்தது. பிறகு வந்த பிளாஸ்டிக் டிரம்பெட் எங்கே இடறியது என்பதைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

போர் முடிந்தபின் பிளாஸ்டிக்கின் பெருமையைப் பறைசாற்றியது பக்கத்து வீட்டுக்காரரான சாக்ஸபோன். இத்தாலியரான ஹெக்டர் சொமருகா லண்டனில் வடிவமைத்த அக்ரிலிக் ‘கிராஃப்டன்’ ஆல்டோ சாக்ஸபோன் 1950இல் விற்பனைக்கு வந்தது. 1953 மே 15 அன்று டொரன்டோவின் மாஸி ஹாலில் ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கர் வாசித்தது அதைத்தான். பார்க்கர் கையில் எதுவும் பாடும் என்பதால் அதைக் கொண்டு கருவிக்குச் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. கிராஃப்டன் எளிதில் விரிசல் விட்டது, பழுதுபார்க்கவும் சிரமம். 1960-களில் தயாரிப்பு நின்றுபோனது.

அதே 1960-களில் அமெரிக்கப் பள்ளி, கல்லூரி அணிவகுப்பு பேண்டுகளில் ஃபைபர்கிளாஸ் சூசபோன் இடம்பிடித்தது. உடம்பைச் சுற்றி மாலைபோல் அணிந்து, தோளில் தாங்கிக்கொண்டு நடந்தே ஊத வேண்டிய கருவி அது. பித்தளையில் செய்ததைவிட ஃபைபர்கிளாஸில் செய்தது எடை குறைவு. அங்கேயும் சுருதி பி-ஃபிளாட், வால்வுகள் மட்டும் உலோகம். உடலைப் பிளாஸ்டிக்காக்கி, நுட்பமான இயங்குபகுதியை மட்டும் உலோகமாக விடும் ஏற்பாடு அப்போதே வந்துவிட்டது.

2010இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக்கோப்பைக் கால்பந்து ஒரு பிளாஸ்டிக் பிராஸ் வாத்தியத்தை வீட்டுக்கு வீடு கேட்கவைத்தது. வுவுசெலா என்ற அந்த 65 சென்டிமீட்டர் கூம்பு தருவது ஒரே ஒரு சுரம், அதுவும் பி-ஃபிளாட்டை ஒட்டியது. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து ஊதியபோது தேனீக்கூட்டம் கலைந்ததுபோல் இருந்தது என்று தொலைக்காட்சி பார்த்தவர்கள் புலம்பினார்கள். கருவியின் மேல் குற்றமில்லை. ஒவ்வொருவர் உதடும் ஒவ்வொரு மாதிரி இறுகும், சுருதி இம்மியளவு முன்பின் போகும், அத்தனையும் ஒன்றோடொன்று உரசும்.

அந்தச் சமயத்தில்தான் ‘பிபோன்’ வந்தது. ஹ்யூ ராஷ்லி என்ற பிரிட்டிஷ் வடிவமைப்புப் பொறியாளர், டிராம்போனும் வாசிப்பவர், அதை உருவாக்கினார். டிராம்போனுக்கான இசைத்தாள்களைப் பதிப்பித்துவந்த வாரிக் மியூசிக் நிறுவனம், ஸ்டீவன் கிரீனால் தலைமையில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க ஜாஸ் டிராம்போன் கலைஞர் ஜிக்ஸ் விகமும் உருவாக்கத்தில் துணைநின்றார். உடல் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், அதாவது லெகோ கட்டைகளுக்குப் பயன்படும் அதே பொருள். ஸ்லைடு குழாயில் கண்ணாடியிழை. குழாயின் உள்விட்டம் 12.7 மில்லிமீட்டர், விரிந்த வாய்ப்பகுதியான மணியின் விட்டம் சுமார் 20 சென்டிமீட்டர். இவை மாணவர்களுக்கான பித்தளை டிராம்போனின் அளவுகளே. எடை மட்டும் 800 கிராம், ஏறக்குறைய பாதி. கூடவே வரும் பிளாஸ்டிக் மவுத்பீஸைக் கழற்றிவிட்டு உலோக மவுத்பீஸைச் செருகிக்கொள்ளலாம். தேர்ந்த வாசிப்பாளர்கள் முதலில் செய்வது அதைத்தான்.

வேடிக்கைப் பொருளாகத்தான் பலர் வாங்கினார்கள். அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இங்கிலாந்தின் பாடத்திட்டம். ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் வாத்தியம் கற்றுக்கொடுக்கும் முறை அங்கே 2000-களில் பரவியது. 2011இல் வெளியான தேசிய இசைக்கல்வித் திட்டம் அதை உறுதிப்படுத்தியது, 2012இல் வட்டார இசை மையங்கள் அந்தப் பொறுப்பை ஏற்றன. முப்பது பிள்ளைகள் கையில் முப்பது டிராம்போன் என்றால் ஒரு பீரியடில் இரண்டாவது கீழே விழும். பித்தளை மணி தரையில் பட்டால் நசுங்கும், ஸ்லைடு இம்மி வளைந்தாலும் ஓடாது. பிளாஸ்டிக் துள்ளி எழும். ஆசிரியர்களுக்கு அந்த நிம்மதி பெரிது, மற்ற ஏற்பாடுகளைப் பிறகு பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் எடை குறைந்ததால் கை நீண்டுவிடவில்லை. டிராம்போனில் ஸ்லைடுக்கு ஏழு நிலைகள், ஒவ்வொன்றும் அரைச்சுரம் இறக்கும். நிலைகளுக்கு இடையே உள்ள தூரம் சமமல்ல. பி-ஃபிளாட் டெனரில் முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்கு 8 சென்டிமீட்டர் தள்ளினால் போதும். ஆறிலிருந்து ஏழுக்குப் போக 10 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். மொத்தம் அரை மீட்டரைத் தாண்டிப் போகிறது. எட்டு வயதுப் பிள்ளை ஐந்தாம் நிலைக்கே தோளைத் திருப்பி, கழுத்தைச் சாய்த்து, மவுத்பீஸை உதட்டின் ஓரத்துக்கு நகர்த்திவிடும். அப்படிப் படிந்த பழக்கத்தைப் பின்னால் மாற்றுவது கடினம்.

இதற்கு விடையாக வந்ததுதான் ‘பிபோன் மினி’. குழாயைக் குறைத்தால் ஸ்லைடும் குறையும், சுருதி ஏறும். ஏறிய சுருதி ஈ-ஃபிளாட்டில் போய் நின்றது, அது ஆல்டோ டிராம்போனின் பழைய சுருதி. 1808இல் வியன்னாவில் அரங்கேறிய பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் ஒலித்த மூன்று டிராம்போன்களில் மேல் குரல் ஆல்டோவுக்கே எழுதப்பட்டது. ஏறக்குறைய 2 மீட்டர் குழாய் என்பதால் ஏழாம் நிலைக்கு 42 சென்டிமீட்டர் தள்ளினால் போதும்.

கையின் தொல்லை தீர்ந்ததும் காகிதத்தின் தொல்லை தொடங்குகிறது. டிரம்பெட் வாசிக்கும் பிள்ளை தாளில் உள்ள ‘சி’யை ஊதினால் காதில் கேட்பது பி-ஃபிளாட். மினி வைத்திருக்கும் பிள்ளை அதே ‘சி’யை ஊதினால் கேட்பது ஈ-ஃபிளாட். இருவரையும் ஒரே சுரத்தில் சேர்க்க வேண்டுமென்றால் டிரம்பெட்டின் தாளில் ‘சி’யும், மினியின் தாளில் ‘ஜி’யும் எழுத வேண்டும். நல்லவேளை, டிரம்பெட்டில் ‘சி’க்கு ஒரு வால்வையும் அழுத்தத் தேவையில்லை, மினியில் ‘ஜி’க்கு ஸ்லைடை நகர்த்தத் தேவையில்லை. முதல் நாளே வகுப்பு ஒன்றாக ஒலிக்கும். சிக்கலெல்லாம் இரண்டாவது, மூன்றாவது சுரத்தில்தான்.

பிரிட்டிஷ் பிராஸ் பேண்டு மரபு இதை நூற்றாண்டுக்கு முன்பே தீர்த்துவைத்திருக்கிறது. அங்கே பாஸ் டிராம்போனைத் தவிர, குட்டி கார்னெட் முதல் பெரிய டியூபா வரை எல்லோருக்கும் டிரெபிள் கிளெஃப் என்ற சுரக்குறியில்தான் தாள். ‘சி’ என்று எழுதியிருந்தால் எந்தக் கருவியானாலும் வால்வைத் தொடாமல் ஊத வேண்டும். சுருதி மாறுவதைக் கருவியே பார்த்துக்கொள்ளும். அதனால் ஈ-ஃபிளாட் ஹார்ன் வாசித்தவர் அடுத்த வாரம் பி-ஃபிளாட் யூஃபோனியம் எடுத்தாலும் விரல் தடுமாறாது. மினியையும் அந்த வழியில் கற்றுக்கொடுத்தால் பெரிய டிராம்போனுக்கு மாறுவது எளிது. பேஸ் கிளெஃபில், உண்மைச் சுரத்தையே படிக்கக் கற்ற பிள்ளைக்குத்தான் பாடு. மினியில் ஈ-ஃபிளாட் முதல் நிலையில் இருந்தது, டெனரில் அது மூன்றாம் நிலைக்குப் போய்விடும். இருக்கிற நினைவை அழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும். கருவியை வாங்கும்போது பெற்றோர் நிறத்தைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, ஆசிரியர் எந்த கிளெஃபில் நடத்துகிறார் என்பதை.

எல்லாவற்றையும் ‘சி’யில் செய்துவிட்டால் என்ன என்று தோன்றும். மரக்காற்றுக் கருவிகளில் அதைச் செய்துபார்த்திருக்கிறார்கள். கிரஹாம் லயன்ஸ் சிறுவர்களுக்காக 1990-களில் கொண்டுவந்த பிளாஸ்டிக் கிளாரினெட் ‘சி’ சுருதி. பின்னர் நூவோ நிறுவனம் அதைக் கிளாரினியோ என்ற பெயரில் தொடர்ந்தது. பியானோவும் ரெக்கார்டரும் வாசிப்பவர்களோடு மாற்றி எழுதாமல் சேர்ந்து வாசிக்கலாம். பிராஸில் அந்த வழி பெரிதாக எடுபடவில்லை. பிள்ளை வளர்ந்து சேரப்போகும் பள்ளி பேண்டும் ஊர் பேண்டும் பி-ஃபிளாட்டில் நிற்கின்றன. பிளாஸ்டிக் கருவியும் அவற்றோடுதான் ஒத்துப்போக வேண்டியிருந்தது.

டிரம்பெட்டின் கதை சற்று வேறு. பிபோனைத் தொடர்ந்து பி-ஃபிளாட்டில் பிளாஸ்டிக் டிரம்பெட்டும் கார்னெட்டும் வந்தன. எடை அரைக்கிலோ அளவுதான். ஆனால் பித்தளை டிரம்பெட்டே சுமார் ஒரு கிலோதான், பிள்ளைகளின் கைக்கு எட்டாததும் அல்ல. ஆகவே லாபம் குறைவு. இழப்போ வால்வில். பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் இருக்கலாம். கூடினால் காற்று கசியும், குறைந்தால் பிஸ்டன் சிக்கும். பிளாஸ்டிக் பிஸ்டன் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அளவு மாறி மந்தமாக எழும். வேகமான வரிசையில் விரல் எடுத்த பிறகும் சுரம் ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னர் வால்வில் உலோகம் சேர்த்த கலப்பு வடிவங்கள் வந்து இந்தக் குறையை ஓரளவு குறைத்தன. பிளாஸ்டிக் டிராம்போன் அளவுக்குப் பிளாஸ்டிக் டிரம்பெட் மதிப்புப் பெறாததற்கு இந்த மூன்று பிஸ்டன்களே காரணம் என்று சொல்லலாம்.

ஒலி எப்படி என்றால், மெதுவாக ஊதும்போது வித்தியாசம் சொல்வது கடினம். உரக்க ஊதும்போது பித்தளை தரும் அந்தத் தெறிப்பு பிளாஸ்டிக்கில் குறைவு என்பார்கள். குளிர்நாட்டில் வெளியில் நின்று ஊதுபவர்களுக்கு வேறொரு வசதி உண்டு, உதட்டில் படும்போது பிளாஸ்டிக் மவுத்பீஸ் சில்லிடாது. குழாய்க்குள் காற்று சூடேறினால் சுருதி ஏறுவது இதற்கும் பொது. 10 டிகிரிக்கு அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறும். பழுதுபார்ப்பதில்தான் பிளாஸ்டிக் தோற்கிறது. நசுங்கிய பித்தளையைத் தட்டி நிமிர்த்தலாம், விரிசல் விட்ட ஏ.பி.எஸ். மணியை மாற்றித்தான் ஆக வேண்டும்.

மினியில் தொடங்கிய பிள்ளை பத்துப் பதினொரு வயதில் பி-ஃபிளாட் டெனருக்கு வருகிறது. அப்போதும் ஆறாம் நிலையில் உள்ள ‘சி’ கைக்கு எட்டுவது சிரமம். அதற்கான வழியை 1839இலேயே லைப்சிக் நகரத்து கிறிஸ்டியன் ஃபிரீட்ரிஷ் சாட்லர் கண்டுபிடித்துவிட்டார். டிராம்போனின் பின்பகுதியில் கூடுதல் குழாயைச் சுருட்டிவைத்து, கட்டைவிரலால் ஒரு வால்வைத் திருப்பினால் பி-ஃபிளாட் கருவி அப்படியே எஃப் கருவியாகிவிடும். எட்டாத ‘சி’ முதல் நிலைக்கே வந்துசேரும். அந்தச் சுழல்வால்வுக்கு மீண்டும் உலோகத்தின் துல்லியம் வேண்டும். அதனால் மாணவர்கள் பலர் பிளாஸ்டிக்கை விட்டுப் பித்தளைக்கு மாறுவது இந்த பி-ஃபிளாட்-எஃப் டிராம்போனை வாங்கும்போதுதான்.