கழுத்துல தொங்கின தகர வில்லை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகம், தள்ளிப் போய்க்கிட்டே இருந்துச்சு. கடைசியில எங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த அண்ணன்தான் எழுத வெச்சார்.

எங்க வீடு கே.கே. நகர். அவர் இருக்கறது கொட்டப்பட்டு முகாம். பைக்ல பத்து நிமிஷம். ஆன்சைட் போறதுக்காக வாங்கின என் புது பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, "எங்க கொள்ளுத்தாத்தா முசிறிப் பக்கம்தான் தம்பி"ன்னார். முகாம்ல இருக்கறவங்க எல்லாரும் யாழ்ப்பாணத்துக்காரங்கன்னு நினைச்சிருந்த எனக்கு (வரலாறு எல்லாம் பத்தாவதோட சரி) சுருக்குன்னு இருந்துச்சு. தேடிப் படிச்சேன்.

கண்டிச் சீமையில வெள்ளைக்காரன் காப்பித் தோட்டம் போட ஆரம்பிச்சது 1830கள்ல. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம்னு நம்ம பக்கத்து ஆளுங்க கரை வரைக்கும் நடந்து, தோணியில மன்னார் போய், அங்கிருந்து வன்னிக் காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தாங்க. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவங்க ஏராளம். காப்பி அறுவடை முடிஞ்சா திரும்பி வந்துடலாம். 1869-ல் இலைநோய் வந்து காப்பி அழிய, தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேணும். குடும்பத்தோட லயத்துலயே தங்கிட்டாங்க.

கூட்டிட்டுப் போனவன் கங்காணி. பெரும்பாலும் சொந்த ஊர்க்காரன், சொந்த சாதிக்காரன். தோட்டத்துல முன்பணம் வாங்கி ஊர்ல கடனா கொடுப்பான். அதனால போய் இறங்கும்போதே ஆள் கடன்காரன். வேலைக்கு வர்ற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. வேற தோட்டத்துக்குப் போகணும்னா 'துண்டு' வேணும். இவ்வளவு கடனை அடைச்சா இவங்களை விடறோம்னு துரை எழுதிக் கொடுக்கற சீட்டு அது. சுருக்கமா, ஆளுக்குப் போட்ட விலைச்சீட்டு. 1921-ல் தான் அதை ஒழிச்சாங்க.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேற. 1904-ல் இலங்கைத் தோட்ட முதலாளிகள் ஆள் பிடிக்க 'சிலோன் லேபர் கமிஷன்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதோட தலைமை ஆபீஸ் நம்ம திருச்சியில! மலைக்கோட்டை, காவேரின்னு பீத்திக்கற நாம இதைப் பேசிக் கேட்டதே இல்ல. அந்தக் காலத்துல அனுப்பின ஆளுங்க கழுத்துல நம்பர் குத்தின ஒரு தகர வில்லை தொங்கும். அதைப் பார்த்து அந்தந்தத் தோட்டத்துக்கு அனுப்பிட்டு, செலவுக்குத் தோட்டத்துக்கு பில் போடுவாங்க. பார்சல் மாதிரி. (இதை எழுதும்போது என் கழுத்துலயும் ஒரு டேக் தொங்குது. ஆனா நான் கழட்டி வெச்சுட்டுப் போகலாம்.)

1948-ல் சுதந்திர இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் பேரை நாடில்லாதவங்களா ஆக்குச்சு. அடுத்த வருஷம் ஓட்டும் போச்சு. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு பிரிச்சாங்க: 9,75,000 பேர்ல 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் அப்புறம் பார்த்துக்கலாம். 1974-ல் அதையும் ஆளுக்குப் பாதியா, 75,000. தோட்டத்துல ஒருத்தரைக் கூடக் கேக்கல. திரும்பி வந்தவங்கள்ல சிலர் நீலகிரியில அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கே கொழுந்து பறிக்கப் போனாங்க. அங்கேயே தங்கினவங்களுக்கு 2003-ல் ஒரு சட்டம் வந்து குடியுரிமை கிடைச்சது.

நம்ம அண்ணன் குடும்பம் இந்த எந்தக் கணக்குலயும் ஒழுங்கா விழல. அப்பா நுவரெலியா தோட்டத்துல பிறந்தவர். 1977 கலவரத்துல வவுனியா. 1990-ல் படகு. 1991-ல் இவர் பிறந்தது இங்க முகாம்ல. 1987 ஜூலைக்கு முன்னாடி இந்தியாவுல பிறந்திருந்தா பிறப்பாலேயே குடிமகன். அந்த விதியைக் காட்டி கோர்ட்டுல ஜெயிச்சு, இதே கொட்டப்பட்டு முகாம்ல இருந்து ஒரு பெண் 2024 தேர்தல்ல ஓட்டு போட்டாங்க. அண்ணனுக்கு நாலு வருஷம் தவறிடுச்சு. திருச்சி முகாம்கள்ல இருந்து 65 பேர் போட்ட வழக்குல, இவங்க இந்திய வம்சாவளிங்கறதைக் கணக்குல எடுத்து 16 வாரத்துல முடிவு பண்ணுங்கன்னு மதுரை கிளை 2019 ஜூன்ல சொல்லுச்சு. அதே வருஷம் டிசம்பர்ல பார்லிமெண்ட் பண்ணின குடியுரிமைத் திருத்தத்துல இலங்கைங்கற பேரே இல்ல.

இதையெல்லாம் படிச்சுட்டு ஏதோ பெரிய ஆராய்ச்சி பண்ணின மாதிரி அவர்கிட்ட அந்த ஆபீஸ் கதையைச் சொன்னேன். பிரஷ்ஷைக் கழுவிக்கிட்டே கேட்டுக்கிட்டார். "தகர வில்லையா? எங்க அப்பாயி சொல்லிருக்கு"ன்னார். அப்புறம், "தம்பி, நாளைக்கு நான் வரமாட்டேன். முகாம்ல செக்கிங் இருக்கு, பேர் கூப்பிடும்போது ஆள் இல்லேன்னா பணம் நிறுத்திடுவாங்க."

ஹால்ல ரெண்டாவது கோட்டு இன்னும் பாக்கி இருக்கு.